முடங்கியார் ரோட்டில் மார்த்தா வென்ஸ்லி

இராஜபாளையத்தில் மார்த்தா வென்ஸ்லியின் முகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அவர் எழுதியதில் ஒரு வரியாவது படித்தவர்கள் யார் என்று சல்லடை போட்டுத் தேடினால், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே ஒரு ஆள் தேறும். அந்த ஆள் ஸ்வீட்லின்.

ஸ்வீட்லினுக்கு முப்பத்து மூன்று வயது. தனியார் பள்ளியொன்றில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இங்கிலீஷ் எடுக்கிறாள். அது வயிற்றுக்கு. மனசுக்கு, ஏழு வருஷமாக இராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் பகுதிநேரப் பி.எச்டி. அமெரிக்க எழுத்தாளர் மார்த்தா வென்ஸ்லியின் கதைகள்தான் ஆராய்ச்சிப் பொருள்.

"ஏழு வருசமா ஒரே பொம்பளையப் பத்தி எழுத என்னட்டி இருக்கு? நானும் அறுபது வருசமா உசுரோட இருக்கேன், என்னப் பத்தி எழுதச் சொன்னா ஒரு பக்கம் தேறுமா?" என்பாள் அவள் அம்மா கிருபாபாய். நியாயமான கேள்விதான். ஸ்வீட்லின் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

நம் பக்கத்து ஆராய்ச்சிகளுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுத்தாளர் எந்தக் கண்டத்தில் பிறந்தாலும் முதல் இயல் ‘வாழ்வும் படைப்பும்’ என்றுதான் இருக்க வேண்டும். அயோவா மாநிலத்தில் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். தானியக் கிட்டங்கியில் கணக்கெழுதியவரின் மகள். தபாலாபீஸில் இருபது வருஷம் கடிதம் பிரித்த வேலை. இரண்டு கல்யாணம், இரண்டும் தங்கவில்லை. மூன்று நாவல், இரண்டு கதைத் தொகுப்பு. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒரு வரி கூட வெளிவரவில்லை. "ஆள் இருக்காங்களா போயிட்டாங்களான்னாவது தெரிஞ்சுக்கோம்மா" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். பதிப்பகத்தின் முகவரிக்கு ஸ்வீட்லின் ஒரு கடிதம் போட்டாள். நாற்பது நாள் கழித்து மின்னஞ்சலில் பதில் வந்தது. ஆள் இருந்தார்.

அதிலிருந்து மாதம் இரண்டு கடிதம். மார்த்தா தன் கதைகளைப் பற்றிப் பேச மாட்டார். ஸ்வீட்லினைப் பற்றியே கேட்பார். உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு வெளிச்சம் வரும்? உன் மாணவர்கள் எதற்குச் சிரிப்பார்கள்? நேற்று இரவு என்ன சாப்பிட்டாய்? பால்கோவாவை எழுத்தில் எப்படி விளக்குவது என்று ஸ்வீட்லின் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தவித்தாள். வீட்டிலும் பள்ளியிலும் அவளிடம் வேலை சொல்ல ஆள் உண்டு, குறை சொல்ல ஆள் உண்டு. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்த எழுபத்தோரு வயது அம்மாள்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

மார்த்தாவின் புகைப்படம் உலகத்தில் ஒன்றே ஒன்று. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும். இரண்டு கண்ணும் பிதுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, பார்க்கிறவனை அடிக்க வருகிற மாதிரி. படம் எடுத்தவன் கேட்டைத் திறந்து போட்டதால் அவருடைய நாய் லாரிக்கு முன்னால் ஓடியதாம். அந்தக் கணத்தில் பொத்தானை அமுக்கிவிட்டான். நாய் பிழைத்தது, படம் நிலைத்தது என்று மார்த்தாவே எழுதியிருந்தார். சென்ற தை மாதம் கல்லூரிக் கருத்தரங்குக்கு அந்தப் படத்தைப் போட்டுத்தான் ஸ்வீட்லின் ஒரு பேனர் அடித்தாள். இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கௌதம்ராஜ் என்கிற பையன் நடத்தும் பிளக்ஸ் கடையில். கருத்தரங்குக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். அதில் பத்துப் பேர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் தூக்கிவாரிப் போட எழுந்து நின்றாள். முடங்கியார் ரோட்டில் பாதி கட்டிய மாடி வீடு. சாரம் கட்டிய முகப்பில், சன்ஷேடுக்குக் கீழே கயிற்றில் தொங்கியது மார்த்தாவின் முகம். ஒரு பக்கம் சாம்பல் பூசணிக்காய், இன்னொரு பக்கம் கறுப்புக் கயிற்றில் படிகாரமும் கற்றாழையும். பெயர் இல்லை, புத்தகம் இல்லை. சிவப்பு விளிம்பு கட்டிய பிளக்ஸில் அந்தக் கண்கள் ரோட்டைப் பார்த்து விழித்தன.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி நடந்தாள். சாரத்துக்குக் கீழே கொத்தனார் முத்துப்பாண்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவள் தோள்பையைப் பார்த்ததுமே டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டார்.

"இது யார் படம்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது டீச்சர். கௌதம் தம்பி கம்ப்யூட்டர்ல கெடந்துச்சு. அரக்கன் படத்தப் பாத்துப் பாத்துச் சனத்துக்கு அலுத்துப்போச்சு. பழகின மூஞ்சி கண்ண இழுக்காது. இந்தம்மா மூஞ்சிய ரோட்டுல போற ஒருத்தனால பாக்காமப் போக முடியல பாத்துக்கோங்க. மொதல் பார்வ இதுமேல விழுந்துட்டா வீடு தப்பிச்சுச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாக."

"இவங்க எழுத்தாளர். அமெரிக்காவுல பெரிய ஆளு."

முத்துப்பாண்டி வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, ஒருமுறை மேலே பார்த்தார். "அதான் இம்புட்டு சக்தி" என்றார் மரியாதையாக.

ஸ்வீட்லினுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கௌதம்ராஜ் கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். "வெள்ளக்காரம்மாதானக்கா, யாருக்குத் தெரியப்போவுது? நாக்கு வச்சு டிசைன் பண்ணவான்னு கேட்டேன், இதுவே போதும்னுட்டாரு மேஸ்திரி" என்றான் அவன். மொத்தம் மூன்று அடித்தானாம். மூன்றையும் முத்துப்பாண்டியே தன் சைட்டுகளுக்கு எடுத்துப் போய்விட்டார். அன்று வீட்டில் சொன்னபோது கிருபாபாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஆண்டவர் இருக்கையில நமக்கு எதுக்குட்டி கண்ணும் திருஷ்டியும்" என்றும் ஒரு பிரசங்கம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பவுடர் போட்டால், கன்னத்தில் மை எங்கே என்று கேட்கிறவளும் அதே கிருபாபாய்தான்.

மார்த்தாவிடம் இதைச் சொல்லலாமா என்று ஸ்வீட்லின் யோசித்தாள். தன் ஊரைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

சித்திரையில் வந்த கடிதத்தில் ஒரு செய்தி. மார்த்தா மறுபடி எழுதுகிறார்! பதினோரு வருஷத்துக்குப் பிறகு மூன்று கதைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஸ்வீட்லின் அன்று வகுப்பில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே பாடம் நடத்தினாள். கடிதத்தின் கடைசியில் மட்டும் வேறு மாதிரி ஒரு பத்தி. நம் கணக்குக்கு மாசி மாதத்தில் ஒரு நாளிலிருந்து மார்த்தாவுக்குத் தினமும் ஒரே கனவாம். சுவரில்லாத ஒரு தளத்தில் உயரமாக நிற்கிறார். கீழே வெயிலில் முகம் தெரியாத சனங்கள் போகிறார்கள், வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்க்கிற ஒவ்வொரு பார்வையும் மணலை வீசிய மாதிரி முகத்தில் அடிக்கிறது. விழித்தால் கண்ணைச் சுற்றித் தடிப்பு. ஆனால் ஒவ்வொரு பார்வையோடும் அவர்களுடைய ஏதோ ஒன்று வந்து சேருகிறது, பொறாமையோ ஏக்கமோ. அதை அப்படியே எழுதுகிறேன் என்றிருந்தார்.

ஸ்வீட்லின் அதைப் படித்துவிட்டு விளக்கை அணைக்காமலே படுத்தாள். தற்செயல் என்று ஒன்று உலகத்தில் உண்டல்லவா? அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வைகாசியில் மார்த்தாவின் இடது கண் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது கண்ணுக்குள் புகை நுழைந்த மாதிரி இருந்ததாம், அத்தோடு சரி. டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. ஆடியில் மூச்சு. ஒரு நாள் மதியம் நடந்துபோன இடத்திலேயே விழுந்திருக்கிறார். நுரையீரல் நிறைய தண்ணீர், ஆற்றில் விழுந்தவரைப் போல. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்து, முதல் வேலையாக எழுதி முடித்த கதையொன்றை ஸ்வீட்லினுக்கு அனுப்பினார். யாருக்கும் காட்டாதே, நீ படி என்று.

கதையில் ஒரு பெண் ஒரு கட்டிடத்தில் தொங்குகிறாள். அவளுக்கு இந்தப் பக்கம் வெளுத்த பெரிய காய் ஒன்று கயிற்றில் ஆடுகிறது, அந்தப் பக்கம் முள்ளுள்ள தடித்த இலைச் செடி தலைகீழாக. விடியுமுன் ஒருவன் வந்து தளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். அயோவாவில் பூசணிக்காயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் வீடு கிடையாது. ஸ்வீட்லின் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு முத்துப்பாண்டியைத் தேடிப் போனாள்.

"மூணு படத்துல மத்த ரெண்டும் எங்க?"

"ஒண்ணு உங்க ஊர்ல, கோர்ட்டுக்குப் பின்னால கட்டுன வீட்டுல கெடந்துச்சு. வைகாசில பால் காய்ச்சுனோம்லா, எரிச்சாச்சு. வேல முடிஞ்சா திருஷ்டிப் படத்த முச்சந்தில வச்சு எரிச்சிரணும் டீச்சர், பட்ட கண்ணெல்லாம் அதோட போயிரும். இன்னொண்ணு பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு தோட்ட வீடு. ஆடிக்காத்துக்கு அம்மியே பறக்கும், பிளக்ஸ் நிக்குமா? பிச்சுக்கிட்டுப் போயித் தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. பொறவு கெடைக்கல."

தேதிகளை வாங்கிக்கொண்டாள். பிளவக்கல் காற்றடித்த நாளும் மார்த்தா விழுந்த நாளும் ஒன்று. கோர்ட்டுக்குப் பின்னால் பால் காய்ச்சியது வெள்ளிக்கிழமை விடியலில். மார்த்தா சொன்னது வியாழன் காலை. அமெரிக்கா நமக்குப் பின்தங்கி வருகிற ஊர்தானே என்று அந்த வித்தியாசத்தை ஒப்பேற்றிக்கொண்டாள். பயந்தவள் எதையும் துல்லியமாகக் கணக்குப் பார்ப்பதில்லை. பிறகுதான் தலையைத் தூக்கி, மிச்சமிருந்த ஒரே படத்தைப் பார்த்தாள். இடது கண் வெளுத்துப் போயிருந்தது. வலது கண் அடித்த நாளின் மசி மாறாமல் கறுப்பாக இருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் எப்படிண்ணே வெளுக்கும்?"

"அதான் எங்களுக்கும் தெரியல. பசங்க இதுக்கு நேர ஒக்காந்து சோறு திங்க மாட்டேங்கான். மத்த படத்துமேல காக்கா ஒக்காரும், இதுமேல ஒக்காந்து நான் பாக்கல." முத்துப்பாண்டி குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரம்மா செல்லத்தாய் ஆச்சியும் சீக்கிரம் முடிங்கன்னு அவசரப்படுதாவ. ஆவணில நாள் குறிச்சாச்சு. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, காலைல நாலரைல இருந்து ஆறு."

முதல் படத்துக்கு ஒரு கண். இரண்டாவதற்கு மூச்சு. மூன்றாவதும் கடைசியுமானது எரிந்தால் அந்த அம்மாளிடம் எடுத்துக்கொள்ள வேறு என்ன மிச்சம்? ஸ்வீட்லின் அன்று சாயங்காலமே மார்த்தாவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். பேனர், பிளக்ஸ், பூசணிக்காய், முச்சந்தி, தன் குற்றம், ஒன்றையும் மறைக்கவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய் அதை அவிழ்த்துவிடுகிறேன் என்று முடித்தாள். பைத்தியம் என்று நினைத்தாலும் நினைக்கட்டும்.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது.

"ஸ்வீட்லின், நீ சொல்வதை நம்புகிறேன். நம்புவதற்கு ஒரு கண் போதும். ஆனால் அதைத் தொடாதே. பதினோரு வருஷம் நான் தினமும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் எழுதாமல் எழுந்து போனேன். அது எப்படி இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. சாவு அதைவிட மோசமாக இருக்க வழியில்லை. உன் ஊர் சனங்கள் எனக்கு ஒன்பது கதைகள் கொடுத்திருக்கிறார்கள். பத்தாவது பாதியில் நிற்கிறது. படத்தை இறக்கினால் அது அப்படியே நின்றுவிடும், எனக்குத் தெரியும். முடித்த நிமிஷமே சொல்கிறேன், அப்போது இறக்கு. நீ என் வாழ்வும் படைப்பும் பற்றித்தானே எழுதுகிறாய்? இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், எது என்று என்னிடம் கேட்காமல் முடிவு செய்துவிடாதே. அவசரமென்றால் இந்த எண்ணில் கூப்பிடு."

"எழுத்தாவது மண்ணாவது" என்று ஸ்வீட்லின் வாய்விட்டே சொன்னாள். ஒரு கதைக்காக உயிரைக் கொடுக்கிற மனுஷியை என்ன செய்வது? விடிந்ததும் பஸ் ஏறி முடங்கியார் ரோடு வரை போகவும் செய்தாள். சாரத்துக்குக் கீழே போய் நின்றாள். கை எட்டுகிற உயரம்தான், ஒரு ஸ்டூல் இருந்தால் போதும். அவள் கேட்டிருந்தால் முத்துப்பாண்டியே எடுத்துக் கொடுத்திருப்பார்.

அவள் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பத்தாவது கதை அவளுக்கும் வேண்டியிருந்தது. பதினோரு வருஷ மௌனத்துக்குப் பிறகு வரும் தொகுப்பு. உலகத்திலேயே அதை முதலில் படிக்கப்போகிறவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்கூல் டீச்சர். இந்த நினைப்பு உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அதற்கு அவள் வைத்த பெயர், மார்த்தாவின் விருப்பத்துக்கு மரியாதை.

ஆக, இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தாள். "பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி நான் வேற ஒரு படம் கொண்டு வந்து தாரேண்ணே. அதை எரிச்சுக்கோங்க. இந்தப் படத்த எனக்குக் குடுத்துருங்க" என்றாள்.

முத்துப்பாண்டி தாடையைச் சொறிந்தார். "தொங்குனத எரிக்கணும்கிறதுதான் முறை. புதுசு கொண்டாந்தீயன்னா செத்த நேரமாவது கட்டித் தொங்கவிட்டுட்டு எரிச்சிக்கிடலாம். ஆனா ஒண்ணு, பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி வந்துரணும். எரிக்காம அடுப்புப் பத்த வைக்க மாட்டோம்."

"கண்டிப்பா வந்துருவேன்." தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பள்ளி விட்டதும் இராஜபாளையம் போய், கௌதம்ராஜிடம் சொல்லிவைத்த அரக்கன் படத்தை வாங்கிச் சுருட்டிக்கொண்டாள். கோரைப்பல், மீசை, தொங்கும் நாக்கு, ஒன்றும் குறையில்லை. வழியில் முடங்கியார் ரோட்டில் இறங்கினாள். சாரத்தைப் பிரித்திருந்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், வீடு முழுக்கப் பெயின்ட் வாசம். மார்த்தா மட்டும் சன்ஷேடுக்குக் கீழே அதே இடத்தில், ஒற்றைக் கண்ணால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துப்பாண்டி மாவிலை வாங்கப் போயிருந்தார். படத்தை அங்கேயே கொடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பத்தாவது கதை முடிந்ததாகச் சேதி இல்லை. தவிர, அந்த முகத்தைத் தன் கையால்தான் இறக்க வேண்டும் என்று ஒரு ஆசை.

"காலைல வந்துரு தாயி, பால் குடிச்சிட்டுத்தான் போணும்" என்றாள் செல்லத்தாய், கோலப்பொடித் தட்டோடு.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறரை. ஏழு பத்துக்கு மின்னஞ்சல் வந்தது.

"முடிந்தது. இனி இறக்கிவிடு, உடனே. நான் தூங்க வேண்டும். மா."

கீழே கதை இணைப்பு. முப்பத்தொரு பக்கம்.

ஸ்வீட்லின் கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். பால் காய்ச்சுவது காலை நாலரைக்கு. எரிப்பது அதற்கு முன்னால், அதாவது நாலு மணி. நாலு மணிக்குள் போனால் போதும். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் புதுமனை என்றால் பாஸ்டர் வருவார், ஜெபம் பண்ணுவார், ரிப்பன் வெட்டுவார், கேக் கொடுப்பார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறதே என்று நினைத்தாள். போனை முன்னறையில் சார்ஜில் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

அந்தக் கதையைப் பற்றி என்ன சொல்ல? அதுவரை மார்த்தா எழுதியதெல்லாம் அதற்கு ஒத்திகை. ஸ்வீட்லின் ஒரு தடவை படித்தாள். முடித்ததும் கன்னம் நனைந்திருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். "சாப்பிட வாட்டி" என்ற அம்மாவுக்கு ஏதோ பதில் சொன்னாள். மறுபடி முதல் பக்கத்துக்குப் போய், இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக, நிதானமாக, பேனாவும் நோட்டுமாகப் படித்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. படுக்கும்போது போனில் இரண்டு மிஸ்டு கால் இருந்தது, எட்டு ஐந்து, எட்டு இருபது. தெரியாத நம்பர். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று மூன்று மணிக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது செல்லத்தாய் வீட்டில் சீரியல் பல்பு மினுமினுத்தது. சன்ஷேடுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அறுந்த கயிறு கூட இல்லை, ஆணி அடித்த ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பூசிப் பெயின்டும் அடித்துவிட்டார்கள். ஸ்வீட்லின் கையில் சுருட்டிய பிளக்ஸோடு நின்றாள். முச்சந்திப் பக்கம் வட்டமாக ஒரு கரி. அதைச் சுற்றி எலுமிச்சம்பழத் தோலும் கோழி ரத்தக்கறையும்.

"எப்ப எரிச்சீங்க?" வாசலில் நின்றவர்களிடம் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள்.

முத்துப்பாண்டி புது வேட்டியில், நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். "ராத்திரியே முடிஞ்சிருச்சே டீச்சர். பால் காய்ச்சுறதுக்கு மொத நாள் ராத்திரிதான் தச்சு கழிப்போம், கோழி அறுத்து. வேல செஞ்சவுக தோஷம், பட்ட கண்ணு எல்லாம் அப்பவே வெளிய போயிரணும். விடியக்காலம் நெருப்ப வச்சுக்கிட்டு நல்ல காரியம் செய்வாகளா?" அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கும் என்னவோ போல் ஆயிற்று. "வருவீயன்னு எட்டரை வரைக்கும் பாத்தோம். நல்லாத்தான் எரிஞ்சுச்சு. வலது கண்ணு இருந்த துண்டு மட்டும் கடைசி வரைக்கும் பிடிக்கவே இல்ல. மண்ணெண்ண ஊத்தியும் பிடிக்கல. அப்படியே புதைச்சிட்டோம்."

எட்டரை என்றால் அயோவாவில் காலை பத்து. வைகாசியிலும் வியாழன் காலை. கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கும் முதல் நாள் ராத்திரிதான் தச்சு கழித்திருப்பார்கள். கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள்.

ஸ்வீட்லின் ரோட்டோரம் உட்கார்ந்து மார்த்தா கடிதத்தில் தந்திருந்த எண்ணைத் தேடி எடுத்தாள். ஏழு வருஷத்தில் ஒரு தடவை கூட அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. தன் இங்கிலீஷ் உச்சரிப்பை நினைத்துக் கூச்சம். மணி நாலைந்து முறை அடித்ததும் ஒரு பெண் எடுத்தாள். மார்த்தா இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. இந்தியாவிலிருந்தா, நீதான் அந்த டீச்சரா என்று கேட்டுவிட்டு அழுதாள். இன்று காலை பத்து மணி வாக்கில், எழுதுகிற நாற்காலியிலேயே. அறை முழுக்கப் புகை நாற்றம், ஆனால் எரிந்த பொருள் என்று ஒன்றும் கிடையாது. நல்ல கண் திறந்தே இருந்தது. வந்தவர்கள் எவ்வளவோ முயன்றும் மூட முடியவில்லை. அப்படியே துணி போர்த்திக் கொண்டு போனார்கள்.

உள்ளே யாரோ குலவையிட்டார்கள். பால் பொங்கிவிட்டது. செல்லத்தாய் முதல் டம்ளரைக் கொண்டு வந்து, "சுடச்சுடக் குடி தாயி, ஒரு கண்ணும் படாம வீடு நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று ஸ்வீட்லினின் கையில் திணித்துவிட்டுப் போனாள். முத்துப்பாண்டி போகாமல் நின்றார். நல்ல மனுஷன், பெண்பிள்ளை ஒருத்தி ரோட்டில் உட்கார்ந்திருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ரெண்டு தடவ போன் அடிச்சனே டீச்சர். ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து ஓரமா வச்சிருப்பனே. ராத்திரி எதும் சோலியா இருந்தீயளோ?"

ஸ்வீட்லின் டம்ளரில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சுக்கிட்டு இருந்தேண்ணே" என்றாள்.